சித்தியாக வந்த வீட்டில் பிள்ளைகளை யார் கண்டிப்பது?

கேள்வி, சுருக்கமாக: கடலூர் கூத்தப்பாக்கத்தில் இருக்கிறோம். என் கணவரின் முதல் மனைவி மூன்று வருஷத்துக்கு முன் நோயில் இறந்துவிட்டார். எங்களுக்குத் திருமணமாகி எட்டு மாதம். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8. கணவருக்கு நெய்வேலியில் ஷிப்ட் வேலை. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். சின்னவன் என்னை அம்மா என்று கூப்பிடுகிறான், அதற்காகப் பெரியவள் அவனை அடிக்கிறாள். இரவு பன்னிரண்டு மணி வரை போன் பார்க்கிறாளே என்று ஒருநாள் வாங்கி வைத்தேன். "நீங்க ஒண்ணும் எங்க அம்மா இல்ல" என்று கத்தினாள். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்த கணவர், ஒரு வார்த்தை பேசாமல் போனை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டார். "தாயில்லாப் புள்ளைய ஏன் கரிச்சுக் கொட்டற" என்கிறார் மாமியார். கண்டித்தால் மாற்றாந்தாய், கண்டிக்காவிட்டால் "பெத்திருந்தா இப்படி விடுவாளா" என்று தெருவே பேசுகிறது. நான் கண்டிக்கலாமா, கூடாதா? பண்ருட்டியில் இருக்கும் அம்மா வழி ஆயா வீட்டுக்கே போய்விடுகிறேன் என்கிறாள். அனுப்பிவிடலாமா?

பதில்:

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு அந்தப் பெண்ணைக் கண்டிக்க வேண்டியவர் அவளுடைய அப்பா. நீங்கள் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வீட்டின் ஒழுங்கை நடத்துவது நீங்கள், சட்டம் போடுவதும் அது மீறப்பட்டால் கேட்பதும் அவர். குறைந்தது முதல் இரண்டு வருஷம் இப்படித்தான் போக வேண்டும். கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் குடும்பங்களோடு ஆலோசகராக நெடுநாள் வேலை செய்பவள் நான். மறுமணம் நடந்த வீடுகளில் பார்க்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வேலைப் பிரிவினை தலைகீழாக நடப்பதால் வருகின்றன. மனைவி வந்ததும் "இனி நீயே பாத்துக்கோ" என்று பிள்ளைகளை மொத்தமாக ஒப்படைத்துவிட்டு ஆண் நகர்ந்துவிடுகிறார். வந்தவளுக்குப் பொறுப்பு முழுவதும் கிடைக்கிறது, அதிகாரம் கொஞ்சமும் கிடைப்பதில்லை. உங்கள் வீட்டில் அன்று காலை நடந்தது அதுதான்.

இது என் அனுபவம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் மேவிஸ் ஹெதரிங்டன் என்ற உளவியலாளர் மணமுறிவையும் மறுமணத்தையும் கடந்த குடும்பங்கள் சுமார் 1,400-ஐப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002-இல் புத்தகமாக எழுதினார். ஹூஸ்டனில் ஜேம்ஸ் பிரே என்பவரும் மறுமணக் குடும்பங்களை ஒன்பது ஆண்டுகள் ஆராய்ந்தார். இரண்டு பேருமே ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். முதல் இரண்டு வருஷம் கொந்தளிப்பாக இருக்கும். குடும்பம் ஒரு நிலைக்கு வர ஐந்தாறு வருஷம்கூட ஆகும். புதிதாக வந்தவர் உறவு அமைவதற்கு முன்பே கண்டிப்பைக் கையில் எடுத்த வீடுகளில் பிள்ளைகள் அதிகம் முரண்டு பிடித்தார்கள். பிள்ளை வளரிளம் பருவத்தில் அடியெடுத்து வைக்கும் நேரத்தில் நடக்கும் மறுமணம்தான் மிகவும் கடினம் என்பதும் ஹெதரிங்டனின் முடிவு. பதிமூன்று வயதுப் பெண், எட்டு மாதத் திருமணம். நீங்கள் இப்போது இருப்பது இந்தப் பாதையின் செங்குத்தான இடம். வளர்க்கத் தெரியாததால் இப்படி ஆகிவிட்டது என்று உங்களை நீங்களே நோக வேண்டாம்.

அவர்கள் ஆராய்ந்த வீடுகளில் மாமியார் கிடையாது, எதிர்வீட்டு அக்கா கிடையாது, சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று சொல்லி வளர்த்த கதைகளும் நம் ஊர் அளவுக்குக் கிடையாது. ஆனால் பிள்ளையின் மனது எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான் வேலை செய்கிறது.

அந்தப் பெண்ணின் மனதில் என்ன ஓடுகிறது என்று பார்ப்போம். தம்பி உங்களை அம்மா என்று கூப்பிடும்போது ஏன் அடிக்கிறாள்? அம்மா இறந்தபோது அவனுக்கு ஐந்து வயது, இவளுக்குப் பத்து. அவனுக்கு அம்மாவின் முகம் மங்கத் தொடங்கியிருக்கும். இவளுக்கு எல்லாமே நினைவிருக்கிறது. தானும் விட்டுவிட்டால் அம்மாவை நினைக்க அந்த வீட்டில் ஆளே இருக்காது என்று பயப்படுகிறாள். போதாக்குறைக்கு, உங்களிடம் பிடிக்காமல் போக ஒன்றும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். உங்கள் மேல் கொஞ்சம் பிரியம் வந்தாலே அம்மாவுக்குத் துரோகம் செய்த மாதிரி உறுத்தும். பல வீடுகளில் கவனித்திருக்கிறேன்: சித்தியோடு சிரித்துப் பேசிய நாளுக்கு மறுநாள்தான் பெரிய சண்டை வரும். நேற்று நன்றாகத்தானே இருந்தாள் என்று சித்தி திகைப்பார். நேற்று நன்றாக இருந்ததுதான் காரணம்.

இந்த உறுத்தலை எடுக்க உங்களால் முடியாது. அவள் அப்பாவால்தான் முடியும். அவர் அவளைத் தனியாக உட்காரவைத்து, "சித்தியை உனக்குப் பிடிச்சா அம்மாவை மறந்துட்டேன்னு ஆகாது. அம்மா உனக்கு எப்பவும் அம்மாதான். சித்திகிட்ட மரியாதையா நடந்துக்கணும், அவ்வளவுதான் நான் கேக்குறேன்" என்று சொல்ல வேண்டும். பாசத்தைக் கட்டளையிட்டு வாங்க முடியாது, மரியாதையைக் கேட்டு வாங்கலாம். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று இருவரையுமே வற்புறுத்தாதீர்கள். சின்னவன் அம்மா என்றால் அது அவன் விருப்பம், அவள் சித்தி என்றால் அது அவள் விருப்பம். ஆனால் தம்பியை அடிப்பதை விட முடியாது. அதையும் அப்பாதான் சொல்ல வேண்டும்.

அடுத்து அந்தப் போன். இரவு பன்னிரண்டு மணிக்கு அவள் என்ன பார்க்கிறாள் என்று யாராவது கேட்டீர்களா? ரீல்ஸாக இருக்கலாம், தோழிகளோடு அரட்டையாக இருக்கலாம். இறந்துபோன அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளை ராத்திரியில் போர்வைக்குள் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளும் உண்டு. உங்கள் வீட்டில் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அப்படி இருந்தால், நீங்கள் வாங்கி வைத்தது போனை அல்ல, அவள் அம்மாவை. அப்பா பதமாகக் கேட்டுப் பார்க்கட்டும். எதுவாக இருந்தாலும், பழைய படங்களையும் குரல் பதிவுகளையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி அவள் கையிலேயே கொடுத்துவிடச் சொல்லுங்கள். அதன்பிறகு போனுக்கு நேரம் வைப்பது வெறும் போனுக்கு நேரம் வைப்பதாக மட்டும் இருக்கும்.

நேரம் வைக்கத்தான் வேண்டும். பதிமூன்று வயதுப் பிள்ளை நள்ளிரவு வரை விழித்திருக்கக் கூடாது என்று நீங்கள் நினைத்தது முழுக்கச் சரி. கேட்ட விஷயத்தில் குறை இல்லை, அதைக் கேட்க வேண்டியவர் அன்று வேலைக்குப் போயிருந்தார். அவர் வீட்டில் இல்லாத இரவுகளில் என்ன செய்வது என்பதுதான் உங்கள் வீட்டின் உண்மையான கேள்வி. அதற்கு ஒரு வழி சொல்கிறேன்.

அவருடைய வார விடுமுறை நாளில், பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து நீங்கள் இருவரும் முதலில் பேசிக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் விட்டுக்கொடுக்கவே முடியாத விதிகள் எவை? நான்கைந்துக்கு மேல் வேண்டாம். போன் எத்தனை மணிவரை, வீட்டுக்கு எத்தனை மணிக்குள், கை நீட்டக் கூடாது, பெரியவர்களை மரியாதையில்லாமல் பேசக் கூடாது, இந்த மாதிரி. மீறினால் என்ன என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். உதாரணமாக, இரண்டு இரவு போன் அப்பாவின் அலமாரியில். சாப்பாட்டை நிறுத்துவது, பண்ருட்டிக்குப் போகக் கூடாது என்று தடுப்பது, அம்மாவின் பொருட்களில் கை வைப்பது இவை எந்தக் காரணத்துக்காகவும் தண்டனை ஆகக் கூடாது. பிறகு மாமியாரையும் வைத்துக்கொண்டு, பிள்ளைகளிடம் அவர் வாயால் சொல்ல வேண்டும்: "இது நான் போட்ட விதி. நான் ஷிப்ட்ல இருக்கும்போது சித்தி சொன்னா, அது நான் சொன்னதுதான்."

இந்த ஒரு வாக்கியம் இல்லாமல் நீங்கள் எதைச் செய்தாலும் காற்றில் நிற்கிற மாதிரிதான். பள்ளியில் தலைமை ஆசிரியர் விடுப்பில் போகும்போது இன்னார் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போவாரே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பில் இருப்பவர் புதுச் சட்டம் போடமாட்டார். இருக்கிற சட்டத்தை நடத்துவார்.

சரி, அவர் நைட் ஷிப்ட் போன இரவு, மணி பத்தாகிறது. நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அப்பா சொன்ன நேரம் ஆயிடுச்சு, போனை ஹாலில் வெச்சுடும்மா." வைக்கவில்லையா? பிடுங்க வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். "நாளைக்கு அப்பா வந்ததும் நீ இருக்கும்போதே சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விடுங்கள். அந்த இரவு அவள் பன்னிரண்டு மணி வரை பார்ப்பாள். பார்க்கட்டும். மறுநாள் அவர் தூங்கி எழுந்ததும், அவள் பள்ளியிலிருந்து வந்தபின், அவள் முன்னாலேயே நடந்ததைச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல், "எப்பவுமே இப்படித்தான்" என்ற சேர்க்கை இல்லாமல். முதுகுக்குப் பின்னால் சொன்னால் கோள். முகத்துக்கு நேரே சொன்னால், முன்பே சொல்லிவைத்தபடி நடக்கிறீர்கள் என்று அவளுக்கே தெரியும். அதன்பிறகு பேசுவது அவர் வேலை. நீங்கள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடலாம்.

இங்கே உங்கள் கணவருக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. நீங்கள் சொன்னதைக் கேட்டு அவர் மகளை அடித்தால், அந்த அடி உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். கத்தினாலும் அப்படித்தான். முடிவு செய்து வைத்ததை அமைதியாக நடத்த வேண்டும். அதேபோல, பிள்ளைகள் பார்க்க உங்கள் பேச்சை அவர் மாற்றக் கூடாது. நீங்கள் செய்தது தவறு என்று அவருக்குப் பட்டால், கதவைச் சாத்திக்கொண்டு உங்களிடம் சொல்லட்டும். அன்று காலை போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் மகளை அணைப்பதாக நினைத்திருப்பார். தாயை இழந்த பிள்ளையின் முகம் வாடினால் தாங்காத அப்பாக்கள் நிறைய பேர் இப்படித்தான் செய்கிறார்கள். அது கல்நெஞ்சம் இல்லை, குற்ற உணர்ச்சி. இதை அவரிடம் குற்றச்சாட்டாக வைக்காமல், "எனக்கு நீங்க வேணும், நீங்க பேசினாதான் நான் இந்த வீட்ல நிக்க முடியும்" என்று கேளுங்கள். ஆண்களுக்கு வேலை என்னவென்று தெளிவாகச் சொன்னால் செய்கிறார்கள், குறை என்னவென்று சொன்னால் ஒதுங்கிவிடுகிறார்கள் என்பது நான் கண்டது.

நீங்கள் கை நீட்டவே கூடாது. ஒரு தட்டுகூட வேண்டாம், சின்னவனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெற்றவள் அடித்தால் கோபம் என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளை, நீங்கள் அடித்தால் வேண்டாத பிள்ளை என்றுதான் எடுத்துக்கொள்ளும். பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைத் துன்புறுத்தினால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 75-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

அப்பாவைக் கேட்காமல் உடனே நீங்கள் தலையிட வேண்டிய இடங்களும் இருக்கின்றன. சின்னவன் புதுச்சேரி ரோட்டில் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனால், சில்வர் பீச்சில் அலைக்குள் இறங்கினால், அக்காவும் தம்பியும் அடித்துக்கொண்டால் யோசிக்கவே வேண்டாம். உங்களை அவள் இழிவாகப் பேசினாலும் நீங்களே பதில் சொல்லலாம்: "நான் உங்க அம்மா இல்லதான், தெரியும். ஆனா இந்த வீட்ல யாரும் யாரையும் இப்படிப் பேசக் கூடாது." "நீங்க எங்க அம்மா இல்ல" என்று அவள் சொல்லும்போது மறுக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். உண்மையைத்தானே சொல்கிறாள். அதை ஒத்துக்கொண்ட பிறகு அந்த வார்த்தையை வைத்துச் சண்டை போட அவளுக்கு ஒன்றும் இருக்காது.

எட்டு வயதுப் பையனிடம் கொஞ்சம் அதிக உரிமை எடுத்துக்கொள்ளலாம். அவனே கொடுக்கிறானே. ஆனால் அக்காவின் கண்ணெதிரே அவனை அதிகம் கொஞ்சி, அவளிடம் விறைப்பாக இருந்தால் இரண்டு கட்சி உருவாகிவிடும்.

கண்டிப்பு அப்பாவிடம் போனபின் உங்களுக்கு என்ன வேலை? இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம். மிசூரி பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் கானாங், மேரிலின் கோல்மன் ஆகியோர் சக ஆய்வாளர்களோடு 1999-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். திருமணத்துக்கு முன் பிள்ளையோடு ஒட்டப் பார்த்துவிட்டு, திருமணம் முடிந்ததும் அதை விட்டுவிட்டுக் கண்டிப்புக்கு மாறியவர்களைப் பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போனது. திருமணத்துக்குப் பிறகும் விடாமல் நெருங்க முயன்றவர்களுடன்தான் உறவு நிலைத்தது. அதிலும், பிள்ளைக்குப் பிடித்ததை, பிள்ளையோடு தனியாகச் செய்ததே அதிகம் பலன் தந்தது. குடும்பத்தோடு கோயிலுக்கோ பீச்சுக்கோ போவது இந்தக் கணக்கில் வராது. அவளுக்கு என்ன பிடிக்கும்? மெஹந்தியா, படம் வரைவதா, மஞ்சக்குப்பம் மைதானத்தில் கண்காட்சி போட்டால் வளையல் வாங்குவதா? வாரத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம், நீங்கள் இரண்டு பேர் மட்டும். அந்த நேரத்தில் மார்க் பேச்சு, புத்திமதி எதுவும் வேண்டாம். வரமாட்டேன் என்றால் விட்டுவிட்டு அடுத்த வாரம் திரும்பக் கேளுங்கள்.

கவனிப்பும் உங்களுடையது. எந்த டியூஷன், யார் தோழி, என்ன தேர்வு, எப்போது மாதவிடாய், எதைச் சாப்பிடாமல் வைத்தாள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருப்பதற்கும் அதிகாரம் செய்வதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. தன்னைப் பற்றி இவருக்கு எல்லாம் தெரிகிறது, ஆனால் இவர் குத்திக்காட்டுவதில்லை என்று ஒரு பிள்ளை கண்டுகொண்டால் அங்கேதான் நம்பிக்கை பிடிக்கிறது. ஒரு நாள் பள்ளியில் ஏதோ பிரச்சினை என்று அப்பாவுக்கு முன் உங்களிடம் வந்து சொல்வாள். அதற்குப் பிறகு நீங்கள் கண்டித்தாலும் கேட்பாள்.

இறந்தவரின் நினைவை வீட்டில் தாராளமாக இருக்கவிடுங்கள். படம் ஹாலிலேயே இருக்கட்டும். நம் வட மாவட்டங்களில் சுமங்கலியாக இறந்தவர்களைப் பூவாடைக்காரியாக நினைத்துப் புடவை வைத்துப் படைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. உங்கள் வீட்டிலும் இருந்தால், புடவையை எடுக்கும் பொறுப்பை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள். அவளுக்குப் பிடித்த கடைக்கு நீங்கள் கூடவே போங்கள், நிறத்தை அவள் சொல்லட்டும். அம்மாவுக்குப் போட்டியாக வந்தவர் இதைச் செய்யமாட்டார் என்பது சொல்லாமலே அவளுக்குப் புரியும்.

மாமியாரைப் பற்றி ஒன்று. இந்த மூன்று வருஷம் பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்தவர் அவர். நீங்கள் வந்ததும் அவர் இடம் சுருங்கிவிட்டது. "தாயில்லாப் புள்ள" என்று அவர் சொல்வதில் உங்கள் மேல் குறை மட்டும் இல்லை, தன் துக்கமும் இருக்கிறது. சின்னவனின் காலைச் சாப்பாடு, பெண்ணின் தலைப்பின்னல் என்று சிலவற்றை அவரிடமே விட்டுவிடுங்கள். விதிகளைப் பற்றி அவரிடம் பேசுவது மகனின் வேலை, மருமகளின் வேலை அல்ல. தெருப்பேச்சுக்கு நீங்கள் பதில் தேட வேண்டாம். தெருவுக்காகப் பிள்ளையை வளர்க்கத் தொடங்கினால் இரண்டு பக்கமும் கெடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருப்பது நல்லது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, இயற்கைக் காப்பாளர், அதாவது பிள்ளைக்குச் சட்டப்படி பொறுப்பானவர், என்ற வரிசையில் மாற்றாந்தாயும் மாற்றுத் தந்தையும் வரமாட்டார்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதனால் பள்ளியில் உங்கள் பெயரையும் தொடர்புக்கு உரியவராகச் சேர்க்கச் சொல்லி அவர் எழுத்தில் கொடுத்துவைக்கட்டும். அவர் ஷிப்டில் இருக்கும்போது அவசரத்துக்கு உதவும். இதைப் படிக்கும் மாற்றுத் தந்தைகளுக்கும் ஒரு செய்தி உண்டு. தந்தை இறந்தபின் தாய் மறுமணம் செய்த ஒரு வழக்கில், புதுக் கணவரைப் பிள்ளையின் ஆவணங்களில் 'மாற்றுத் தந்தை' என்று குறிக்கச் சொன்ன உயர்நீதிமன்ற உத்தரவை உச்சநீதிமன்றம் 2022-இல் ரத்து செய்தது. அது பிள்ளையின் மனநலத்தையும் சுயமரியாதையையும் பாதிக்கும், கொடுமைக்குச் சமம் என்றது. பேர் வைத்து ஒதுக்குவது பிள்ளையை எப்படி வலிக்கச் செய்யும் என்று நீதிமன்றத்துக்கே தெரிந்திருக்கிறது. நம் உறவினர்களுக்கும் தெரிய வேண்டும்.

பெண் பல நாள் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால், படிப்பு திடீரென்று சரிந்தால், செத்துப்போகிறேன் என்று பேசினால், உடம்பைக் காயப்படுத்திக்கொண்டால், இந்த ஏற்பாட்டையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது, புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அதை அவளுக்கும் சொல்லிவையுங்கள்.

கடைசியாகப் பண்ருட்டி. கோபத்தின் நடுவில் அனுப்பாதீர்கள். "போறதுன்னா போ" என்ற சொல் உங்கள் வாயிலிருந்தோ அவர் வாயிலிருந்தோ வந்துவிடக் கூடாது, பிள்ளை அதை வாழ்நாளுக்கும் வைத்திருக்கும். லீவுக்குப் போகட்டும், மே மாதம் முழுவதும் வேண்டுமானாலும் இருக்கட்டும். திரும்பி வந்ததும் அங்கே என்ன பேசினார்கள் என்று துருவ வேண்டாம். நீங்களும் ஒரு முறை பிள்ளைகளோடு போய் அந்த ஆயாவைப் பார்த்துவிட்டு வாருங்கள். மகளை இழந்த தாய் அவர், இரண்டாவதாக வந்தவளையும் மகளாக நினைக்கும் பெரியவர்கள் நம் பக்கத்தில் குறைவில்லை. அங்கேயே தங்கிப் படிக்கிறேன் என்று முழுப்பரீட்சை முடிந்த பிறகும் அவள் கேட்டால், அப்பா, ஆயா, அவள் மூவரும் உட்கார்ந்து பேசட்டும். அந்த முடிவில் நீங்கள் வாய் திறக்க வேண்டாம். அவர்கள் பேசுவதற்கு முன்னால் அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: "நீ இங்கேயே இருந்தாதான் எனக்கு சந்தோஷம். போனாலும் உன் ரூம் உன்னோடதுதான், எப்ப வேணும்னாலும் வரலாம்."